லேசர் வெட்டு மர வீடு: பெயிண்ட் அடித்ததும் சுவர் வளைந்துவிட்டது, மூலையில் பல் தெரிகிறது. காப்பாற்ற முடியுமா?

ஓட்டுக்கூரை கேட்டது:

வணக்கம் நண்பர்களே. இரண்டு நாளாக மேசைமேல் ஒரு வீடு கோணலாக நிற்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்கவில்லை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

இதுவரை மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கான பிளாஸ்டிக் வீரர்களுக்கு மட்டும்தான் பெயிண்ட் அடித்திருக்கிறேன். மர வீடு இதுதான் முதல் தடவை. 28 மி.மீ. உயர வீரர் உருவங்களுக்கான, இரண்டாம் உலகப்போர்க் காலத்து (1944) பிரான்சின் நார்மண்டி கிராமக் கல்வீடு. இரண்டு மாடி. 3 மி.மீ. கன எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த) பலகையை லேசரால் வெட்டிய தகடுகளாக வந்தது. சுவரில் கல் வரிசை கோடு கோடாகப் பொறித்திருக்கிறது. உள்ளே வீரர்களை நிறுத்தி ஆடுவதற்காக மாடித்தளமும் கூரையும் தனித்தனியாகக் கழன்று வரும்.

நான் செய்தது இதுதான். துண்டுகளைப் பிரித்தெடுத்து அன்று மாலையே வெள்ளை மரப்பசையால் நான்கு சுவரையும் ஒட்டிவிட்டேன். மறுநாள் அக்ரிலிக் பெயிண்டைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து வெளிச்சுவர்களில் தாராளமாக அடித்தேன். பெயிண்ட் ஓடிப்போய்க் கோடுகளில் நிறையும் என்று நினைத்தேன். காலையில் பார்த்தால் பின்சுவர் வெளியே உப்பியிருக்கிறது. அது 18 செ.மீ. நீளம், ஜன்னலே இல்லாத சுவர். ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், நடுவில் 3 மி.மீ. தள்ளி நிற்கிறது. அதனால் கூரை உட்கார மாட்டேன் என்கிறது.

மூலைகள் இன்னொரு தொல்லை. சுவர்கள் பல் பல்லாகக் கோத்துச் சேரும் இடத்தில் பழுப்புச் சதுரங்கள் வரிசையாகத் தெரிகின்றன. மூன்று கோட் அடித்தும் அந்த இடம் மட்டும் பெயிண்டைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. பொறித்த கோடுகளும் கம்பளித் துணி மாதிரி நார் எழும்பிச் சொரசொரப்பாகிவிட்டன.

இந்த வீட்டைத் தேற்ற முடியுமா? இதனோடு வந்த கொட்டகை ஒன்று இன்னும் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. அதையாவது சரியாகச் செய்ய வேண்டும்.

---

மூன்றாம்வரிசை எழுதியது:

தேற்றலாம், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எம்.டி.எஃப்.பில் முதல் கோட் தண்ணீர் கலந்ததாக இருக்கவே கூடாது. அடுத்த முறை ஸ்ப்ரே ப்ரைமரில் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) தொடங்குங்கள், மெல்லிசாக இரண்டு தடவை. உள்பக்கமும் சேர்த்து அடியுங்கள். இப்போதைக்கு அந்தச் சுவரின் உள்பக்கத்தை லேசாக ஈரப்படுத்தி, நேராக வைத்துக் கட்டி, காய விடுங்கள். கரிவிளிம்பு அக்கா இந்தப் பக்கம் வந்தால் விவரமாகச் சொல்லுவார்கள். அவர்கள் ஒரு தெருவையே இப்படிக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

---

கரிவிளிம்பு எழுதியது:

தம்பி, சுவர் போகவில்லை, கவலைப்படாதீர்கள். என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டால் எல்லாம் கைக்கு வந்துவிடும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எம்.டி.எஃப். என்பது மரத்தை நாராக அரைத்து, பிசின் கலந்து, சூட்டில் அழுத்திச் செய்த பலகை. மரம் மாதிரி ரேகை ஓடாததால் பிளக்காது, லேசருக்கும் சுத்தமாக வெட்டுப்படும். ஆனால் அழுத்தும்போது மேல்தோலும் கீழ்த்தோலும்தான் இறுகிக் கெட்டியாகின்றன. நடுப்பகுதி அவ்வளவு இறுகாது. லேசர் எங்கெல்லாம் வெட்டுகிறதோ, எங்கெல்லாம் கோடு பொறிக்கிறதோ, அங்கெல்லாம் அந்தத் தளர்ந்த நடுப்பகுதி வெளியே திறந்துகொள்கிறது. மூலைப் பற்களும் கல் கோடுகளும் பெயிண்டை இழுத்தது அதனால்தான். முகப்பில் ஒரு கோட் போதுமென்றால் விளிம்புக்கு ஐந்து கோட் கேட்கும். அதையும் தண்ணீரோடு கொடுத்தால் நார் ஊதி எழும்பும்.

வளைவுக்கும் இதே காரணம். வெளித்தோல் தண்ணீரைக் குடித்து நீண்டது, உள்தோல் காய்ந்தபடியே இருந்தது. இரண்டு பக்கமும் மூலையில் ஒட்டியிருப்பதால் நீண்டதற்குப் போக வேறு இடமில்லை, வெளியே உப்பிவிட்டது. ஜன்னல் இல்லாத நீளச் சுவர் எப்போதும் இதில் முதலில் மாட்டும்.

இப்போது செய்ய வேண்டியது. ஒரு ஸ்பாஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்துவிடுங்கள். கையில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும், ஒரு சொட்டுகூடச் சொட்டக் கூடாது. பின்சுவரின் உள்பக்கம் முழுக்க ஒரே சீராக ஒற்றுங்கள். மூலைப் பசைமேல் படவேண்டாம், வெள்ளைப் பசை தண்ணீரில் இளகும். பத்து நிமிடம் கழித்து மாடித்தளத்தை அதன் இடத்தில் வையுங்கள். வெளியே சுவரின் நீளத்துக்கு ஒரு நேரான மரக் குச்சியை வைத்து, வீட்டைச் சுற்றி மூன்று ரப்பர் பேண்ட் போடுங்கள். உப்பிய பக்கத்தைக் குச்சி உள்ளே அழுத்த வேண்டும், அதுதான் கணக்கு. ஒரு முழு நாள் நிழலில் இருக்கட்டும். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காய வைத்தால் மறுபடி ஒரு பக்கம்தான் காயும், அங்கேயே வளைவு திரும்பி வரும்.

நான் இப்படி மூன்று சுவர்களை மீட்டிருக்கிறேன். இரண்டு முழுக்க நேராகின. மூன்றாவது ஒரு மி.மீ. அளவுக்குப் பிடிவாதமாக நின்றது. அதற்கு, துண்டுகளைப் பிரித்தெடுத்த பிறகு மிச்சமாகும் வெளிச்சட்டத்திலிருந்து 5 மி.மீ. அகலப் பட்டை இரண்டு வெட்டி, சுவரின் உள்பக்கம் நெடுக ஒட்டி, காயும்வரை கிளிப் போட்டு வைத்தேன். பட்டை பார்வைக்கு உத்திரம் மாதிரியே ஆகிவிட்டது. அந்தச் சட்டத்தை யாரும் குப்பையில் போடாதீர்கள். அதே பலகை, அதே கனம், இதைவிடப் பொருத்தமான ஒட்டுத்துண்டு வேறு எங்கும் கிடைக்காது.

சுவர் நேரான அன்றே இரண்டு பக்கத்தையும் அடைத்துவிடுங்கள். நான் பயன்படுத்துவது ஷெல்லாக், மரச்சாமான் பாலிஷுக்கு ஸ்பிரிட்டில் கரைத்து அடிக்கிறார்களே, அந்த அரக்குதான். அதில் தண்ணீர் இல்லாததால் நார் எழும்பாது, அரைமணியில் காய்ந்துவிடும். லேசர் கருக்கிய விளிம்பிலுள்ள கரி மேலே ஊறி வெளிர்நிறப் பெயிண்டைப் பழுப்பாக்குவதையும் அது தடுக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். ஏற்கெனவே பெயிண்ட் ஆன வெளிப்பக்கத்தில் கோடுகளுக்கும் மூலைகளுக்கும் மட்டும் போதும். எழும்பிய நாரை முதலில் 240 எண் உப்புத்தாளால் லேசாக வருடிவிட்டு அரக்கு அடியுங்கள். காய்ந்ததும் நார் விறைத்து நிற்கும், அப்போது 320-ஆல் இன்னொரு முறை தேயுங்கள், மழமழவென்று ஆகிவிடும். தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம். அந்தத் தூளில் மர நாரோடு ஃபார்மால்டிஹைடு பிசினும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையானது. இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மூலைப் பற்களுக்கு இரண்டு கோட் அரக்கு, அப்புறம் பட்டி. அக்ரிலிக் பட்டியை விரலால் அழுத்தித் தேய்த்து, காய்ந்ததும் உப்புத்தாள். அதோடு விட்டால் மூலை மொழுக்கென்று இருக்கும். இரண்டு சுவரின் கல் கோடும் அந்த இடத்தில் வந்து நின்றுவிடும். பட்டி பாதி காய்ந்திருக்கும்போதே ஊசியால் இந்தப் பக்கக் கோட்டை மூலை சுற்றி அந்தப் பக்கக் கோடு வரை இழுத்து இணையுங்கள். வீட்டுக்கு உயிர் வருவது இந்த இடத்தில்தான். மூலையில் கல் திரும்பினால்தான் அது கல் கட்டடம், இல்லையென்றால் சுவர்ப்படம் ஒட்டிய பெட்டி.

கூரையைப் பற்றி ஒன்று. நான் முதலில் கட்டியது ஒரு மாவு மில். கூரை பெயிண்ட் இல்லாமல் இருந்தபோது அழகாக உட்கார்ந்தது. உள்ளே இரண்டு கோட், வெளியே இரண்டு கோட், மேலே வார்னிஷ் என்று அடித்த பிறகு இறுகிப் பிடித்துக்கொண்டது. ஆட்டத்தின் நடுவில் தோழி ஒருத்தி மாடியில் இருந்த தன் இயந்திரத் துப்பாக்கிக் குழுவை எடுக்கக் கூரையைத் தூக்கினாள். கூரையோடு மேல்மாடி முழுவதும் வந்து, மூலை ஒன்று தோலோடு பிய்ந்தது. அந்தப் பிளவு இன்றும் இருக்கிறது, செங்கல் இடிந்த மாதிரி வரைந்து வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து கழன்று வரும் பாகங்களின் உரசும் விளிம்பை, பெயிண்டுக்கு முன்பே சுற்றிலும் அரை மி.மீ. தேய்த்துவிடுகிறேன். கூரை தளர்வாக, கொஞ்சம் ஆடுகிறதே என்று தோன்றும் அளவுக்கு இருக்க வேண்டும். பெயிண்ட் அந்த இடைவெளியை நிரப்பிவிடும்.

கொட்டகைக்கு: எல்லாத் துண்டுகளையும் முதலில் பசையில்லாமல் கோத்துப் பாருங்கள். 3 மி.மீ. என்று சொன்னாலும் பலகைக்குப் பலகை கனம் இம்மி மாறும், ஈரக் காற்றில் ஊதவும் செய்யும். நாக்கு (நீட்டிக்கொண்டிருக்கும் பல்) காடிக்குள் (அது நுழையும் பள்ளம்) போகவில்லை என்றால் தட்டி ஏற்றாதீர்கள், நாக்கின் பக்கத்தை அரத்தால் இரண்டு இழுப்பு இழுங்கள். தட்டினால் பலகை நடுவில் ஏடு ஏடாகப் பிரியும். சரியானதும் உள்பக்கம் பென்சிலில் எண் போட்டுப் பிரித்துவிடுங்கள். ஒட்டப்போகும் விளிம்புகளில் கரியைப் பழைய பல் துலக்கியால் உரசி எடுங்கள். பசை கரியைப் பிடித்துக்கொண்டால் கரியோடு பெயர்ந்து வரும். நாக்குகளையும் காடிகளையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, மிச்ச இடம் முழுக்க இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அரக்கு அடியுங்கள். அரக்கு ஏறிய இடத்தில் மரப்பசை ஊறாது, அதற்குத்தான் டேப்.

பிறகு உள்சுவர்களைப் படுக்க வைத்தே பெயிண்ட் அடித்து முடித்துவிடுங்கள். ஒட்டிய பிறகு 9 செ.மீ. ஆழத்துக்குள் பிரஷை விட்டுத் தடவுவது பெரும் பாடு. ஒட்டும்போது ஒவ்வொரு மூலையிலும் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். பசை அரைமணியில் பிடித்த மாதிரி இருக்கும், ஆனால் ரப்பர் பேண்டை மறுநாள்தான் கழற்ற வேண்டும்.

---

சாணைக்கல் எழுதியது:

அக்கா சொன்னதில் எல்லாம் எனக்குச் சம்மதம், மூலைப் பட்டியைத் தவிர. என் அனுபவத்தில், மேசையில் பலபேர் கையாளும் வீட்டில் பட்டி ஓரங்கள் ஒரு வருடத்தில் முடிமுடியாக விரிசல் விடுகின்றன. பல் இணைப்பு லேசாக அசைந்துகொண்டே இருப்பதால் அப்படி.

நான் மூலைக்கற்களை அட்டையில் வெட்டி ஒட்டுகிறேன். கல்வீடுகளின் மூலையில் பெரிய, நன்றாகச் செதுக்கிய கற்களை ஒன்று நீளவாக்கில், அடுத்தது குறுக்கில் என்று மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். 1 மி.மீ. அட்டையில் 12 மி.மீ. துண்டும் 7 மி.மீ. துண்டும் 6 மி.மீ. உயரத்தில் நிறைய வெட்டிக்கொள்ளுங்கள். மூலையின் ஒரு முகத்தில் நீளத் துண்டு வந்தால், அதே வரிசையில் மறுமுகத்தில் குட்டைத் துண்டு. ஒட்டும் முன் ஒவ்வொன்றின் ஓரத்தையும் நகத்தால் மழுக்கிவிடுங்கள். பற்கள் முழுக்க மறைந்துபோகும், மூலையும் பலப்படும். ஒரு வீட்டுக்கு நிறையத் துண்டு பிடிக்கும், ஒரு மாலை வேலை. நிலை, ஜன்னல் ஓரத்துக்கும் இதையே செய்யலாம்.

---

கரிவிளிம்பு எழுதியது:

அசைவினால் விரிசல் விடுவது உண்மைதான், என் தெருவிலும் இரண்டு வீட்டில் அப்படி ஆகியிருக்கிறது. பட்டி போட்ட வீடு பத்திரமாக உட்கார்ந்திருக்கும் அலமாரிக்குச் சரி. வாராவாரம் ஆடப்போகும் வீட்டுக்கு அட்டைக் கல்லே நல்லது. ஓட்டுக்கூரை தம்பி, நீங்கள் சாணைக்கல் சொன்னபடியே செய்யுங்கள். அட்டையின் வெட்டு ஓரத்துக்கும் அரக்கு ஒரு கோட் மறக்க வேண்டாம், அதுவும் குடிக்கும்.

---

ஓட்டுக்கூரை எழுதியது:

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்ன மாதிரியே குச்சி வைத்துக் கட்டியிருக்கிறேன். அதற்குள் ஒரு சந்தேகம். நான் சுவருக்கு அடித்தது சாம்பல் நிறம். படத்தில் பார்த்தால் ஏதோ கான்கிரீட் கிடங்கு மாதிரி இருக்கிறது. நார்மண்டி வீட்டுக்கு என்ன நிறம் அடிக்க வேண்டும்? பக்கத்தில் போட இடிபாட்டுக் குவியலும் செய்யலாம் என்று இருக்கிறேன்.

---

கரிவிளிம்பு எழுதியது:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

அது எந்த ஊர் வீடு என்று முதலில் முடிவு பண்ணுங்கள். கான், பாயூ நகரங்களின் பக்கம் என்றால் பாலாடை நிறச் சுண்ணாம்புக்கல். இடைக்காலத்தில் அந்தக் கான் கல்லைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்க் கான்டர்பரி பேராலயத்திலும் லண்டன் கோபுரக் கோட்டையிலும் வைத்துக் கட்டினார்கள். அந்தக் கட்டடங்களின் வண்ணப்படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயிண்ட் கலக்கலாம். மேற்கே போகப்போக கிரானைட்டும், ஏடு ஏடாகப் பிரியும் ஸிஸ்ட் கல்லுமாக நிறம் இருளும், அங்கே உங்கள் சாம்பல் பொருந்தும். கிழக்கே ஓஜ் பகுதியில் மரச்சட்டம் தெரியும் சாந்துச் சுவர் வீடுகள் உண்டு. உங்கள் சுவரில் ஒழுங்காகச் செதுக்கிய கல் வரிசை பொறித்திருப்பதால் கான் பக்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பலை அழிக்க வேண்டாம், அது நல்ல அடித்தளம். அதன்மேல் மணல் நிறத்தைக் கிழித்த ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள், கோடுகளில் சாம்பல் மிச்சமிருக்கட்டும். பிறகு பத்துக் கல்லுக்கு ஒரு கல் என்று சிதறலாகப் பொறுக்கி, சிலதில் மங்கல் மஞ்சள், சிலதில் இளஞ்சாம்பல். கடைசியில் தந்த நிறத்தை ட்ரை பிரஷ் செய்யுங்கள். பிரஷைத் துணியில் துடைத்துத் துடைத்து, வெறும் பிரஷோ என்று சந்தேகம் வரும் நிலையில் சுவர்மேல் ஓட்டுங்கள். ஜன்னல் திண்டுக்குக் கீழே மழைத்தண்ணீர் வழிந்த தடம் பழுப்பாக, நேர்கீழாக இறங்க வேண்டும். தரையை ஒட்டி இரண்டு செ.மீ. உயரத்துக்கு ஈரம் ஏறிய கருமையும் கொஞ்சம் பாசிப்பச்சையும் கொடுங்கள்.

குண்டு பட்ட இடம் இன்னும் முக்கியம். நிறையப்பேர் அதைக் கறுப்பாக அடிக்கிறார்கள். மழையும் காற்றும் பட்ட மேற்பரப்புதான் மங்கியிருக்கும். கல் புதிதாக உடைந்த முகம் வெளிறிக் கிட்டத்தட்ட வெள்ளையாக இருக்கும். துப்பாக்கிக் குண்டுக் குழியின் நடுவில் தந்த நிறத்தைவிட ஒரு படி வெளிர், குழியின் மேல் ஓரத்தில் மட்டும் மெல்லிய நிழல். அவ்வளவுதான்.

இடிபாடும் அப்படித்தான். 1944 ஜூன், ஜூலையில் கான் நகரத்தின் பெரும்பகுதி குண்டுவீச்சில் சரிந்தது. அந்தக் குவியல்கள் அந்த வீடுகளின் சுவர்தான். உங்கள் சுவரில் அடித்த அதே மணல் நிறம், அதே தந்த நிறம் குவியலிலும் இருக்க வேண்டும், நடுவே, கூரையில் ஓடுபோல வேயும் பலகைக் கல்லின் நீலச்சாம்பல் சில்லுகளும் உத்திரத் துண்டுகளும். அதற்கு உங்கள் எம்.டி.எஃப். சட்டத்தையே கட்டிங் பிளையரால் நறுக்கிப் போடுங்கள். ஜன்னலுக்காக வெட்டிய சின்னச் செவ்வகங்களை ஒடித்தால் உடைந்த கல் மாதிரியே சொரசொரப்பான முகம் வரும். எல்லாவற்றின்மேலும் கடைசியில் வெளிர் மணல் நிறத்தில் ஒரு ட்ரை பிரஷ், சாந்துத் தூசி படிந்த மாதிரி. கடையில் விற்கும் சாம்பல் குவியலை அந்த வீட்டுப் பக்கத்தில் வைத்தால், வேறு எங்கோ இடிந்ததை அள்ளி வந்து கொட்டிய மாதிரி எனக்குத் தெரியும். அங்கே ஒருவர் குடியிருந்த வீடு சரிந்திருக்கிறது என்பது பார்த்ததும் தெரிய வேண்டும்.

---

ஓட்டுக்கூரை எழுதியது:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன்.

பின்சுவர் நேராகிவிட்டது. ஸ்கேலை வைத்தால் அரை மி.மீ.கூட இல்லை, ஒரு தாள் நுழையும் இடைவெளிதான். அதையும் ஒரு பட்டை ஒட்டி இறுக்கிவிட்டேன். மூலைகளுக்கு நிறைய அட்டைக் கற்கள் பிடித்தன. நகத்தால் ஓரத்தை மழுக்கியது அருமையான யோசனை அண்ணா, பெயிண்ட் ஏறியதும் ஒவ்வொன்றும் தனித்தனிக் கல்லாக எழுந்து நிற்கிறது. கூரையின் உள்விளிம்பைச் சுற்றிலும் தேய்த்தேன். இப்போது விட்டால் தன் கனத்தில் தானாக இறங்கி உட்காருகிறது, இரண்டு விரலால் தூக்கினால் மாடி அசைவதில்லை.

குவியலுக்கு ஜன்னல் துண்டுகளை ஒடித்துப் போட்டேன். ஒரு சந்தேகத்துக்காக இரண்டை மட்டும் பெயிண்ட் இல்லாமல் சுவர்ப்பக்கம் வைத்துப் பார்த்தேன், நிறம் பொருந்தவே இல்லை. அதே மணல் நிறம் அடித்து வைத்ததும் சுவரில் இருக்கும் ஓட்டைக்கும் கீழே கிடக்கும் கல்லுக்கும் கணக்குச் சரியாகிவிட்டது.

கொட்டகையை நேற்று பசையில்லாமல் கோத்துப் பார்த்தேன். கதவு நிலையின் இடது நாக்கு மட்டும் இறுகியது, அரத்தால் மூன்று இழுப்பு. எண் போட்டுப் பிரித்தாகிவிட்டது. டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறேன், சாயங்காலம் அரக்கு.